கொட்டை எழுத்தில் வராத எண்

தாராவியில் இட்லி வியாபாரம் பார்க்கும் பெண்களிடம் "நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வாங்க, ரத்தம் எடுக்கணும்" என்று சொன்னால், "நாளைக்கு வியாபாரத்துக்குப் போகாதீங்க" என்றுதான் அவர்கள் காதில் விழும். ராத்திரி இரண்டரைக்கு எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறவர்களுக்கு, லேப் திறக்கும் ஏழு மணி என்பது பாதி நாள் முடிந்த நேரம். அதற்குள் இரண்டு டம்ளர் டீ உள்ளே போயிருக்கும். உப்பு, காரம் பார்க்கச் சட்னியும் சாம்பாரும் நாக்கில் பட்டிருக்கும். ஒரு நாள் வரும்படியை விட்டுவிட்டு, கையிலிருந்தும் பணம் கட்டி, உடம்பில் ஒன்றும் இல்லை என்று கேட்டுவர யாருக்கு மனசு வரும்?

என் அம்மாவுக்கும் வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்த நாள் முதல் அவளுக்கு இதே வேலைதான். "நல்லாத்தான இருக்கேன், எதுக்குட்டி சும்மா போயி ஊசியால குத்திக்கிடணும்?" என்பாள். நான் விடாமல் நின்றதற்குக் காரணம் என் மாமா, அம்மாவின் அண்ணன். கால் வீங்கி, மூச்சு வாங்கி, கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். சர்க்கரை எத்தனையோ வருஷமாக இருந்து இரண்டு சிறுநீரகத்தையும் அரித்துவிட்டது என்று அங்கேதான் தெரிந்தது. அதன்பிறகு டயாலிசிஸ்தான். அதுவரைக்கும் மாமாவும் "நல்லாத்தான இருக்கேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. சிறுநீரகம் பாதிக்கு மேல் கெடும்வரை பெரும்பாலும் வலியோ வேறு தொந்தரவோ தெரிவதில்லை. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அப்படித்தான்.

வெறும் வயிறு என்ற முட்டுக்கட்டை தீர்ந்தபிறகுதான் அம்மா அசைந்தாள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அந்தப் பரிசோதனை அளக்கிறது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் கூடும் கழிவான கிரியேட்டினின், ஹீமோகுளோபின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், இவற்றுக்கும் பட்டினி வேண்டாம். கொலஸ்ட்ராலைக்கூட முதல் தடவை சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு மிகவும் கூடுதலாக வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். ஆக, கூடையைக் காலி செய்துவிட்டுத் திரும்பும் வழியில், பத்தரை மணிக்கு, 90 அடி ரோட்டில் இருக்கும் லேப்பில் அம்மா ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைய வியாபாரம் கெடவில்லை. இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், அதிகாலையில் வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார்கள் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நான் அந்தேரியில் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காகிதத்தைத் தேதிவாரியாக அடுக்கி வைப்பது தொழில் பழக்கம். அம்மாவின் ரிப்போர்ட்டுகளையும் 2021-லிருந்து ஒரே ஃபைலில் போட்டு வந்தேன். முதல் வருஷம் எல்லாம் நார்மல். இரண்டாம் வருஷமும் அப்படியே. மூன்றாம் வருஷம் ஹீமோகுளோபின் 9.8 மட்டும் கொட்டை எழுத்தில் வந்திருந்தது. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். லேப்பில் இருந்த பையன், "ரத்தச் சோகைதான், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை சாப்பிடச் சொல்லுங்க" என்று சிரித்தபடி கவரைக் கொடுத்தான். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அந்த எண் குறைவாகத்தான் இருக்கிறது.

எங்களுக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் ஒரு வயதான மராட்டிக்காரர். அம்மாவை "ஆயி" என்றுதான் கூப்பிடுவார். அவர் அந்த மூன்று வருஷ ரிப்போர்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைத்தார். 9.8-ஐப் பார்த்தார், ஆனால் விரல் நின்றது வேறு வரியில். கிரியேட்டினின். முதல் வருஷம் 0.7, அடுத்தது 0.8, இப்போது 1.0. லேப் அச்சடித்திருந்த வரம்பு 1.1 வரை. மூன்றுமே வரம்புக்குள் இருந்ததால் கொட்டை எழுத்து இல்லை, நட்சத்திரக் குறி இல்லை. அவர் ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். வயதையும் சேர்த்துப் பார்த்தால், 55 வயதில் 0.7 என்பது சிறுநீரகம் நிமிஷத்துக்கு 100 மில்லிக்குச் சற்று மேல் வடிகட்டுவதாக அர்த்தம். 57 வயதில் 1.0 என்றால் அது 66 அருகில் வந்துவிட்டது. இ.ஜி.எஃப்.ஆர். என்று சில லேப்புகள் அதைத் தனியாகவே அச்சிடும். இந்த லேப் அச்சிடவில்லை.

பிறகு பி.பி. எடுத்தார். எங்கள் வீடு மாடியில், செங்குத்தான இரும்பு ஏணி. கிளினிக்கும் அப்படித்தான். ஏறி வந்த மூச்சோடு எடுத்ததில் 162/98. அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. நாற்காலியில் முதுகு சாய்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிஷம் உட்காரச் சொன்னார். பாத்ரூம் போக வேண்டுமா என்று கேட்டார். கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில் வைத்து, பட்டையைப் புடவை ஜாக்கெட் துணிக்கு மேல் சுற்றாமல் நேராகத் தோலில் சுற்றி, இரண்டு தடவை எடுத்தார். 150/94. அதைத்தான் எழுதினார். 140/90-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். அந்த எண்ணை எடுக்கும் முறை தெரியாமல் எத்தனை பேர் வீணாகப் பயப்படுகிறார்கள், எத்தனை பேர் வீணாக நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்து அவர் கேட்டது, "ஆயி என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" அம்மா, ஒன்றும் கிடையாது என்றாள். மூன்று வருஷமும் லேப் படிவத்தில் அதைத்தான் எழுதச் சொல்லியிருந்தாள். டாக்டர் விடவில்லை. வீட்டில் இருக்கும் மாத்திரை, தைலம், சூரணம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார். மறுநாள் சாயங்காலம் கொண்டுபோய்க் கொட்டினோம். சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டப்பாவுக்குள், பர்சுக்குள் என்று அங்கங்கே இருந்து வந்தவை அவ்வளவும் மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கிய வலி மாத்திரைகள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், அவற்றோடு பாரசிட்டமால் சேர்ந்தவை. மாவுச் சட்டியும் இட்லிக் கொப்பரையும் தூக்கித் தூக்கித் தோள்பட்டை போனவள் அவள். தினம் ஒன்று, வலி கூடினால் இரண்டு. அவள் கணக்கில் அது மாத்திரையே இல்லை. டீ மாதிரி, வேலைக்குப் போவதற்கு முன் உள்ளே போகும் ஒன்று.

டாக்டர் அந்த அட்டைகளை வரிசையாக வைத்துவிட்டு, அம்மாவுக்குப் புரியும் இந்தியில் நிதானமாகச் சொன்னார். இந்த வகை மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றும். வயிற்றின் உள்சுவரைப் புண்ணாக்கி, கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியவும் வைக்கும். மாதவிடாய் நின்று வருஷக்கணக்கான பெண்ணுக்கு 9.8 என்றால் பேரீச்சம்பழத்தை யோசிப்பதற்கு முன், ரத்தம் எங்கே போகிறது என்று தேட வேண்டும் என்றார். கிரியேட்டினின், பி.பி., ஹீமோகுளோபின், மூன்றுமே ஒரே அட்டையைச் சுட்டிக் காட்டுகின்றன என்பது அவர் சந்தேகம். எண்டோஸ்கோபி எடுத்தோம். இரைப்பையில் புண்கள் இருந்தன. நல்லவேளை, வேறு எதுவும் இல்லை.

இன்னொரு விஷயத்தையும் அவர்தான் கேட்டு வாங்கினார். அம்மா காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. வியாபாரம் செய்யும் தெருமுனையில் பெண்கள் போகக் கழிப்பறை கிடையாது. வீட்டுப் பக்கமும் பொதுக் கழிப்பறைதான், வரிசையில் நிற்க வேண்டும். அதனால் கிளம்புவதற்கு முன்பே தண்ணீரை அடக்கிவிடுவாள். கொதிக்கும் ஆவியில் இரண்டு மூன்று மணி நேரம் நின்று வியர்த்த உடம்பு, தண்ணீர் இல்லை, அதற்கு மேல் வலி மாத்திரை. இதை எந்த ரத்தப் பரிசோதனை சொல்லும்? இந்த ஊரில் எத்தனை லட்சம் பெண்கள் இப்படித் தண்ணீரை அடக்கிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். தெருமுனைக்கு ஒரு சுத்தமான கழிப்பறை இருந்தால் அதுவே பெரிய நோய்த்தடுப்பு என்று நான் நம்புகிறேன்.

ஒரே ஒரு கிரியேட்டினினை வைத்து சிறுநீரக நோய் என்று முடிவு கட்டக் கூடாது. வலி மாத்திரையை நிறுத்தி, தண்ணீர் ஒழுங்காகக் குடித்து, பிறகு திரும்பப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு மேலும் குறை நீடித்தால்தான் அதை நாள்பட்ட நோய் என்பார்கள். கூடவே சிறுநீரில் அல்புமின் – கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொன்னார். 30-க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குக் கிரியேட்டினின் ஏறுவதற்கு வெகு முன்னாலேயே இது காட்டிக் கொடுத்துவிடும். என் மாமாவுக்கு யாராவது வருஷம் ஒரு தடவை இந்த ஒரு பரிசோதனையை எடுத்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. அம்மாவுக்கு 22 வந்தது. வலி மாத்திரை நின்றது, தோளுக்கு உடற்பயிற்சியும் ஒத்தடமும் வந்தன. கொப்பரையைத் தூக்க இப்போது தம்பி எழுந்துகொள்கிறான். பி.பி.க்கு ஒரு சின்ன மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றுப் புண்ணுக்குக் கொஞ்ச நாள் மருந்து. சில மாதத்தில் கிரியேட்டினின் 0.8-க்கு இறங்கியது, ஹீமோகுளோபின் 11.6-க்கு ஏறியது.

சர்க்கரையில்தான் ஒரு சின்னக் குழப்பம். எச்பிஏ1சி 6.1 என்று வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல், 6.5-இலிருந்து நோய். ஆனால் இரும்புச் சத்துக் குறைவு இருந்தால் அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்றார் டாக்டர். அதனால் வியாபாரம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வெறும் வயிற்றுச் சர்க்கரையும் பார்த்தோம். 108. 100 முதல் 125 வரை வாசல்தான். ஆக வாசல் என்பது உறுதி. வெறும் வயிறு தேவைப்படும் ஒரே பரிசோதனையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துக்கொள்ளலாம் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு, 80 டெஸ்ட், 90 டெஸ்ட் என்று விளம்பரத்தில் வரும் பேக்கேஜை உடனே புக் செய்ய வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி அப்படி எடுத்ததில், எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குப் புற்றுநோய்க் குறியீடு ஒன்று கொஞ்சம் கூடுதலாக வந்து, குடும்பமே சாப்பாடு தூக்கமில்லாமல் ஸ்கேனுக்கு அலைந்தது. கடைசியில் ஒன்றும் இல்லை. சி.இ.ஏ., சி.ஏ.125 போன்றவை ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கப் பெரும்பாலும் பயன்படுகிறவை. நல்லபடியாக நடமாடும் ஆளிடம் நோயைத் தேட அவை ஏற்றவை அல்ல. 30 வயது தாண்டியவருக்கு பி.பி., எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, ஹீமோகுளோபின், கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் போதும். சர்க்கரையோ பி.பி.யோ இருப்பவருக்குச் சிறுநீர் அல்புமின் கட்டாயம். சர்க்கரைக்காரர்களுக்கு வருஷம் ஒரு தடவை கண்ணின் பாவையை விரித்து விழித்திரைப் பரிசோதனையும், பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்ற பரிசோதனையும். மீதியை உங்கள் டாக்டர் உங்களைப் பார்த்துச் சொல்லட்டும்.

ரத்தத்தில் தெரியாதவையும் உண்டு. பெண்கள் பேசக் கூச்சப்படுகிற இரண்டைப் பற்றி நான் கூச்சப்படாமல் பேசத் தொடங்கியதற்குக் காரணம், அவற்றுக்கான சான்று நம்முடைய இதே மும்பையின் குடிசைப் பகுதிகளிலிருந்து வந்திருப்பதுதான். பரேலில் இருக்கும் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரி மருத்துவர்கள் 1998-ல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையான சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஆய்வு செய்தார்கள். பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, கருப்பை வாயில் வினிகர் போன்ற நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று பார்த்தார்கள். அவ்வளவுதான். கருப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் சாவு 31 சதவீதம் குறைந்தது. அதே பெண்களுக்குக் கையால் மார்பகத்தைத் தடவிப் பார்க்கும் பரிசோதனையும் செய்தார்கள். 2021-ல் வெளியான முடிவில், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. 50-க்குக் கீழே அப்படிக் குறையவில்லை. பெரிய மெஷின் எதுவும் இல்லாமல், நம் போன்ற தெருக்களில், நம் போன்ற பெண்களிடம் கிடைத்த பலன் இது. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னபோது, "வலிக்குமாட்டி?" என்று மட்டும்தான் கேட்டாள். லேசாக எரியும், சில நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றேன். போய் வந்தாள். இப்போது அவளே இரண்டு பேரைக் கூட்டிப் போகிறாள்.

ஆண்களுக்கு நான் சொல்வது வாயைப் பற்றி. புகையிலை, குட்கா, மாவா போடுகிறவர்கள், பல்லில் மிஸ்ரி என்ற வறுத்த புகையிலைத் தூள் தேய்க்கும் பெண்களும் சேர்த்து, மாதம் ஒரு தடவை கண்ணாடி முன்னால் மொபைல் டார்ச்சை அடித்துக் கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, ஈறு எல்லாம் பார்க்க வேண்டும். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாய் முன்பு போல் திறக்காமல் இறுகுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் காட்ட வேண்டும். வலி இல்லை என்பதை வைத்துத் தள்ளிப்போடக் கூடாது. ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

காசு இல்லை என்பவர்களுக்கு, மாநகராட்சி 2022 நவம்பரில் தொடங்கிய ஆப்லா தவாகானா என்ற கிளினிக் இங்கே இருக்கிறது. டாக்டர், மருந்து, அடிப்படை ரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசம். 30 வயது தாண்டிய எல்லோருக்கும் பி.பி., சர்க்கரை, வாய், மார்பகம், கருப்பை வாய் பார்ப்பது அரசின் திட்டத்திலேயே இருக்கிறது. ஆரோக்கியப் பணியாளர் படிவத்தோடு வீட்டுக்கு வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். வருமான வரி கட்டுகிறவர்கள், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால், இத்தகைய பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கான உச்சவரம்புக்குள் அது அடக்கம். பிரீமியத்தைப் போல அல்லாமல் இதைப் பணமாகக் கட்டியிருந்தாலும் செல்லும், ரசீது மட்டும் வாங்கி வையுங்கள்.

தம்பிக்கு 31 வயது. ஐ.டி. கம்பெனி, உட்கார்ந்த வேலை. சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் உருவாக்கிய இந்தியச் சர்க்கரை நோய் அபாய மதிப்பெண்ணை ஒரு ராத்திரி அவனுக்குப் போட்டுப் பார்த்தோம். ரத்தமே வேண்டாம், ஒரு டேப் போதும். 35-க்குக் கீழே என்பதால் வயதுக்கு 0, இடுப்பு 96 சென்டிமீட்டருக்கு 10, உடற்பயிற்சியும் இல்லை உடலுழைப்பும் இல்லை என்பதற்கு 30, அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதற்கு 10. மொத்தம் 50. 60-ஐத் தொட்டால் அதிக அபாயம். எச்பிஏ1சி எடுத்ததில் 5.8. முகம் வாடிவிட்டது. சர்க்கரையின் வாசலில் நின்றவர்களை வைத்து டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றியதிலேயே நோய் வருவது ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்தது என்று காட்டினேன். அதைப் படித்தபிறகு அவன் தெம்பானான். சயான் ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு நடந்து வருகிறான், அம்மாவோடு இரண்டரைக்கு எழுந்து கொப்பரையும் தூக்குகிறான். அவன் மனைவிக்கு இந்த வருஷம் 30 ஆகிறது. கம்பெனி பாலிசியில் வருஷத்துக்கு ஒரு இலவசச் செக்கப் அவளுக்கும் சேர்த்தே இருப்பது எச்.ஆரிடம் கேட்டபிறகுதான் தெரிந்தது. கருப்பை வாய்ப் பரிசோதனையும் அதில் உண்டு. அடுத்த மாதம் போகிறாள். கூட நான் போகிறேன்.